டிஸ்க் 100% என்கிறது. ஃபைல்களைக் கூட்டினால் பாதிதான் வருகிறது

இராக்காவல்:

வணக்கம். ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் சர்வர் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. முன்பு பார்த்தவர் வேலையை விட்டுப் போகும்போது கடவுச்சொற்களைத் தவிர வேறு எதையும் எழுதி வைக்கவில்லை. உபுண்டு 20.04, ரூட் பார்ட்டிஷன் 40 ஜிபி, எக்ஸ்ட்4. ஒரு ஜாவா பில்லிங் மென்பொருளும் அதற்கு முன்னால் என்ஜின்எக்ஸும் ஓடுகின்றன. டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருக்கிறது.

இன்று காலையிலிருந்து பில் பதிவாகிறது, ஆனால் பிடிஎஃப் உருவாகவில்லை. லாகின் செய்து பார்த்தால் எதற்கெடுத்தாலும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". டேப் விசையைத் தட்டினால்கூட தற்காலிக ஃபைல் உருவாக்க முடியவில்லை என்று பாஷ் புலம்புகிறது. டிஎஃப் -ஹெச் போட்டேன்: மொத்தம் 40 ஜி, பயன்பாடு 38 ஜி, மீதம் 0, 100%.

/வார்/லாக்/பில்லிங் டைரக்டரியில் ஆப்.லாக் என்ற ஃபைல் மட்டும் 19 ஜிபி இருந்தது. ஆர்எம் கொடுத்து அழித்தேன். எல்எஸ் போட்டால் ஃபைல் இல்லை. ஆனால் டிஎஃப் அதே 38 ஜிபியில்தான் நிற்கிறது. சூடோ போட்டு டியூ -எக்ஸ்எஸ்ஹெச் / கொடுத்தால் 19 ஜிபி என்கிறது. யார் சொல்வதை நம்புவது? 40-இல் 38 தானே போயிருக்கிறது, மீதி 2 எங்கே?

ஜாவாவை ரீஸ்டார்ட் செய்ய இரவு கடை அடைக்கும்வரை முடியாது. அது எழுந்து நிற்கவே கால் மணி நேரம் பிடிக்கும், கவுன்டரில் வரிசை நிற்கிறது. அதுவரை என்ன செய்யலாம்? அப்படியே, தினசரி வேலைக்குக் கை கொடுக்கும் கட்டளைகள் நாலைந்து சொன்னாலும் புண்ணியமாகப் போகும்.

கம்பிவேலி:

ரீபூட் பண்ணுங்க, தானா சரியாகிடும். எங்க ஆபீஸ்ல எப்பவும் அதான்.

பழைய டெர்மினல்:

ரீபூட் செய்தால் இடம் வரும், உண்மைதான். ஆனால் ஏன் வந்தது என்று தெரியாது, இரண்டு வாரத்தில் மறுபடி இதே பதிவைப் போடுவீர்கள். அதனால் கம்பிவேலி சொன்னதை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள், தம்பி.

டிஎஃப், டியூ இரண்டுமே பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு ஆளிடம் விசாரிக்கின்றன. டிஎஃப் நேராக ஃபைல்சிஸ்டத்திடம் போய் "உன்னிடம் எத்தனை பிளாக் காலி?" என்று கேட்கிறது. டியூ ஒவ்வொரு டைரக்டரியாக நடந்துபோய், கண்ணில் படும் ஃபைல்களின் அளவைக் கூட்டுகிறது. கண்ணில் படாத ஃபைல் அதன் கணக்கில் வராது.

ஆர்எம் செய்வது ஃபைலின் பெயரை டைரக்டரியிலிருந்து எடுப்பது மட்டும்தான். அந்த ஐநோடுக்கு (ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் உள்பதிவு) வேறு பெயரும் இல்லை, அதை எந்த ப்ராசஸும் திறந்து வைத்திருக்கவும் இல்லை என்று ஆன பிறகுதான் கர்னல் பிளாக்குகளை விடுவிக்கும். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றியதால் உள்ளே குடியிருப்பவர் காலி செய்துவிட்டதாக ஆகுமா? உங்கள் ஜாவா இன்னமும் அந்தப் பெயரில்லாத ஃபைலில்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும்போதும் அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

பார்க்க வேண்டுமா? இதைக் கொடுங்கள் (எல் பெரிய எழுத்து, முன்னால் கூட்டல் குறி, மைனஸ் இல்லை):

சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1

பெயர் எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே போன, ஆனால் இன்னும் திறந்திருக்கும் ஃபைல்களை மட்டும் இது காட்டும். வரியின் கடைசியில் "டெலீட்டட்" என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். ப்ராசஸ் எண்ணையும் எஃப்டி (ப்ராசஸ் திறந்து வைத்த ஃபைலுக்கான எண்) என்ற பத்தியில் உள்ள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஃபைல் 1, 2 என்று இரண்டு வரியில் வரலாம்; வழக்கமான வெளியீடும் பிழை வெளியீடும் ஒரே இடத்துக்குப் போனால் அப்படித்தான் வரும். இரண்டையும் கூட்டி 38 ஜிபி என்று பதற வேண்டாம்.

ப்ராசஸ் எண் 4127, எஃப்டி 1 என்று வைத்துக்கொள்வோம். /ப்ராக்/4127/எஃப்டி/1 என்ற பாதை இன்னும் அந்த ஃபைலுக்குள் திறக்கும் கதவு. அழித்த ஃபைலை அதன் வழியே படிக்கலாம், சிபி போட்டு மீட்கலாம், காலியும் செய்யலாம்.

காலி செய்யும் முன் ஒரு வேலை. 19 ஜிபி லாக் எதனால் சேர்ந்தது என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். கடைசி ஐயாயிரம் வரியையாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வரில் எழுத இடமில்லையே என்றால் உங்கள் லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக டெயிலை ஓட்டி, வெளியீட்டை லேப்டாப்பிலேயே ஒரு ஃபைலுக்குத் திருப்புங்கள். எஸ்எஸ்ஹெச் கட்டளைக்கு வெளியே போடும் > குறி எப்போதும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் மெஷினில்தான் எழுதும். சர்வர் டிஸ்கில் ஒரு பைட் தேவைப்படாது.

அப்புறம் இது:

சூடோ ட்ரன்கேட் -எஸ் 0 /ப்ராக்/4127/எஃப்டி/1

சிலர் "சூடோ எக்கோ" போட்டு > குறியால் காலி செய்யப் பார்ப்பார்கள். அனுமதி இல்லை என்று வரும். சூடோவுக்கு அதிகாரம் எக்கோவை ஓட்டத்தான். > குறியைக் கையாள்வது உங்கள் சாதாரண ஷெல், அதற்கு அந்த ஃபைலில் எழுத உரிமை இல்லை. ட்ரன்கேட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சூடோ அதிகாரத்தோடு வேறு ஃபைலில் எழுத வேண்டியபோது சூடோ டீ கட்டளைக்குப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் | குறி) போட்டுவிடலாம்.

எண்ணைத் தட்டும்முன் ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபாருங்கள். வேறு ப்ராசஸின் வேறு எஃப்டியை காலி செய்தால் திரும்ப வராது.

மீதி 2 ஜிபி: எக்ஸ்ட்4 உருவாக்கும்போது வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு) ஒதுக்கிவிடும். 40-இல் 5 சதவீதம் 2. டிஸ்க் நிறைந்த நேரத்திலும் ரூட் உள்ளே வந்து சுத்தம் செய்ய அந்த இடம்தான் உதவுகிறது. ரூட் பார்ட்டிஷனில் அதைத் தொடாதீர்கள். வெறும் பேக்கப் வைக்கும் 4 டிபி டிஸ்க் என்றால் 200 ஜிபி சும்மா கிடக்கும். அங்கே டியூன்2எஃப்எஸ் -எம் 1 கொடுத்து ஒரு சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம், மவுன்ட் ஆகியிருக்கும்போதே (டிஸ்க் ஒரு டைரக்டரியில் இணைந்து பயன்பாட்டில் இருக்கும்போதே).

இராக்காவல்:

அக்கா, தெய்வம் நீங்கள். எல்எஸ்ஓஎஃப்-இல் ஜாவா, 4127, 1 மற்றும் 2, 20401094656 பைட், டெலீட்டட் என்று அப்படியே வந்தது. கடைசி வரிகளை லேப்டாப்புக்கு எடுத்துவிட்டு ட்ரன்கேட் கொடுத்தேன். டிஎஃப் உடனே 19 ஜிபிக்கு இறங்கி 50% காட்டுகிறது. பிடிஎஃப் வர ஆரம்பித்துவிட்டது.

ஆனால் இப்போது வேறு பயம். பத்து நிமிடம் கழித்து மறுபடி எல்எஸ்ஓஎஃப் போட்டால் அதே ஃபைல் 19 ஜிபிக்கும் மேலே காட்டுகிறது! டிஎஃப் மட்டும் 50 சதவீதத்திலேயே இருக்கிறது. பத்து நிமிடத்தில் 19 ஜிபி எழுதிவிட்டதா?

பழைய டெர்மினல்:

இல்லை. உங்கள் ஜாவாவை யாரோ ஒற்றை > போட்டு ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டைத் திறந்து பாருங்கள். நோஹப் (லாகவுட் ஆனாலும் ப்ராசஸைச் சாகவிடாத கட்டளை), ஜாவா, அப்புறம் ஒரு >, அப்புறம் ஆப்.லாக் என்று இருக்கும்.

ஒரு ப்ராசஸ் ஃபைலைத் திறந்தால் "நான் எந்த இடம்வரை எழுதினேன்" என்ற எண் அந்தத் திறப்போடு சேர்ந்தே இருக்கும். நீங்கள் ஃபைலைப் பூஜ்ஜியத்துக்கு வெட்டினாலும் அந்த எண் மாறாது. அடுத்த வரியை ஜாவா பழைய இடத்திலேயே, அதாவது 2040 கோடியாவது பைட்டில், போய் எழுதுகிறது. முன்னால் இருப்பதெல்லாம் ஓட்டை. ஃபைலின் நீளம் 19 ஜிபி என்று தெரியும். டிஸ்கில் உண்மையாக இருப்பது கடைசியில் எழுதிய சில கேபி மட்டும். ஸ்பார்ஸ் ஃபைல் என்பது இதுதான். எல்எஸ்ஓஎஃப்பும் எல்எஸ் -எல்லும் காட்டுவது நீளம். டிஎஃப்பும் டியூவும் காட்டுவது உண்மையில் பிடித்திருக்கும் இடம். அதனால் பயம் வேண்டாம், டிஎஃப்பை நம்புங்கள்.

ஆனால் ஸ்பார்ஸ் ஃபைலை மட்டும் சாதாரணமாகக் காப்பி செய்யப் போகாதீர்கள். ஓட்டையையும் பூஜ்ஜியங்களாகப் படித்து நிஜமாகவே 19 ஜிபி எழுதும் கருவிகள் உண்டு. ஆர்சிங்க் அப்படி ஒன்று. அதற்குப் பெரிய எஸ் கொடுத்தால்தான் ஓட்டையை ஓட்டையாக விடும்.

> இரண்டு போட்டிருந்தால் கதை வேறு. >> என்றால் ஷெல் அப்பெண்ட் முறையில் திறக்கும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் கர்னலே "இப்போது ஃபைலின் முடிவு எங்கே" என்று பார்த்து அங்கே எழுதும். வெட்டினால் வெட்டிய இடத்திலிருந்து தொடரும். ஒரே ஒரு குறி கூடுதல். லாக் ஃபைலுக்கு ஒற்றை > போட்டிருப்பதை எந்த ஸ்கிரிப்டில் பார்த்தாலும் நான் அந்த இடத்திலேயே திருத்திவிட்டுத்தான் மேலே படிப்பேன்.

இரவு கடை அடைத்ததும் இதைச் செய்யுங்கள். ஸ்கிரிப்டில் >> ஆக்கி ரீஸ்டார்ட். உங்களுக்கு நேரம் இருந்தால் நோஹப்பை விட்டுவிட்டு சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் நிர்வாகி) சர்வீஸாகவே மாற்றுங்கள். சர்வீஸ் ஃபைலில் ஸ்டாண்டர்ட்அவுட்புட் என்ற இடத்தில் அப்பெண்ட், முக்காற்புள்ளி, பாதை என்று கொடுத்தால் அதுவும் அப்பெண்ட்டாகவே திறக்கும். உபுண்டு 20.04-இல் உள்ள சிஸ்டம்டிக்கு இது தெரியும். எனேபிள் செய்து வைத்தால் மெஷின் ரீபூட் ஆனதும் தானாக எழும், ரீஸ்டார்ட் என்ற இடத்தில் ஆல்வேஸ் கொடுத்தால் செத்தாலும் தானாக மீளும், நோஹப் இதில் எதையும் செய்யாது.

அப்புறம் லாக்ரொடேட், லாக் ஃபைல்களைச் சுழற்றிப் பழையதை அழிக்கும் கருவி. /இடிசி/லாக்ரொடேட்.டி கீழே பில்லிங் என்று ஒரு ஃபைல். உள்ளே: டெய்லி, ரொடேட் 7, கம்ப்ரஸ், டிலேகம்ப்ரஸ், மிஸ்ஸிங்ஓகே, காப்பிட்ரன்கேட். கடைசிச் சொல்தான் இங்கே முக்கியம். சாதாரணமாக லாக்ரொடேட் பழைய ஃபைலின் பெயரை மாற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும். என்ஜின்எக்ஸ் மாதிரி நல்ல பிள்ளைகளுக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் கொடுத்தால் புது ஃபைலைத் திறந்துகொள்ளும். உங்கள் ஜாவாவின் வெளியீட்டைத் திறந்ததே ஷெல்தான், ஜாவாவுக்கு அதை மறுபடி திறக்கத் தெரியாது. அதனால் காப்பி எடுத்துவிட்டு அசலை வெட்டும் காப்பிட்ரன்கேட். இதில் இரண்டு குறை உண்டு. காப்பி முடிந்து வெட்டும் அந்த இடைவெளியில் விழும் சில வரிகள் தொலையலாம். காப்பி எடுக்க அதே அளவு காலி இடமும் வேண்டும். 19 ஜிபி ஆகும்வரை விட்டுவிட்டு அப்புறம் இதை நம்பினால் சாயந்திரம் மறுபடி இங்கே வருவீர்கள்.

எழுதியபின் லாக்ரொடேட் -டி கொடுத்தால் எதையும் தொடாமல் என்ன செய்திருக்கும் என்று மட்டும் சொல்லும்.

எல்லாவற்றுக்கும் முதலில், எடுத்து வைத்த ஐயாயிரம் வரியைத் திறந்து பாருங்கள். என் ஊகம்: லாக் லெவல் டீபக்கில் (எல்லாவற்றையும் விவரமாக எழுதும் நிலை) கிடக்கிறது.

தென்றல்77:

அக்கா, இதே பதிவில் தொற்றிக்கொள்கிறேன். எனக்கும் "நோ ஸ்பேஸ்" வருகிறது. ஆனால் டிஎஃப் -ஹெச் 43% தான் காட்டுகிறது. எல்எஸ்ஓஎஃப் +எல்1 கொடுத்தால் ஒன்றும் உருப்படியாக வரவில்லை. சர்வர் பழைய பிஹெச்பி தளம்.

பழைய டெர்மினல்:

டிஎஃப் -ஐ கொடுத்துப் பாருங்கள். ஐயூஸ் 100% இருக்கும்.

எக்ஸ்ட்4-இல் ஐநோடுகளின் எண்ணிக்கை ஃபைல்சிஸ்டத்தை உருவாக்கும்போதே முடிவாகிவிடும். வழக்கமான அமைப்பில் 16 கேபிக்கு ஒன்று. 40 ஜிபிக்கு சுமார் 26 லட்சம். ஒவ்வொரு ஃபைலுக்கும், அது ஒரே ஒரு எழுத்து இருந்தாலும், ஒரு ஐநோடு போகும். பின்னால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமென்றால் பார்ட்டிஷனையே பெரிதாக்க வேண்டும், இல்லை அழித்து மறுபடி உருவாக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் தேவைப்படும்போது ஐநோடுகளை உருவாக்கிக்கொள்ளும், இந்தத் தொல்லை அரிது.

எங்கே குவிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க:

சூடோ டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ் / | சார்ட் -என் | டெயில்

பிஹெச்பி என்றால் நான் பந்தயம் கட்டுவது செஷன் ஃபைல்களின் (தளத்துக்கு வருபவருக்காக உருவாகும் தற்காலிக ஃபைல்கள்) மேல். உபுண்டு, டெபியனில் பிஹெச்பியின் சொந்தக் குப்பை அள்ளும் வசதியை அணைத்துவிட்டு, தனியாக ஒரு டைமர் வைத்து /வார்/லிப்/பிஹெச்பி/செஷன்ஸ் டைரக்டரியைச் சுத்தம் செய்வார்கள். உங்கள் தளத்தை எழுதியவர் நிரலுக்குள்ளேயே செஷன் வைக்கும் பாதையை மாற்றியிருந்தால் அந்த டைமருக்கு அது தெரியாது. அணைத்தது அணைத்தபடி, அள்ளுபவர் யாருமில்லை. வருடக்கணக்கில் சேரும்.

அந்த டைரக்டரியில் எல்எஸ் போட்டால் திரை உறைந்த மாதிரி நிற்கும். எல்லாப் பெயரையும் படித்து அகர வரிசைப்படுத்திய பிறகுதான் அது காட்டும். எல்எஸ் -எஃப் (சிறிய எஃப்) கொடுத்து ஹெட்டுக்குப் பைப் போடுங்கள், வரிசைப்படுத்தாமல் வந்தது வந்தபடி கொட்டும். ஆர்எம் நட்சத்திரக்குறி கொடுத்தால் "ஆர்க்யூமென்ட் லிஸ்ட் டூ லாங்". லட்சக்கணக்கான பெயர்களை ஷெல் விரித்துக் கட்டளையோடு சேர்த்து அனுப்பப் பார்க்கிறது, கர்னல் அவ்வளவு நீளத்தை ஏற்காது. இங்கே ஃபைண்ட்தான்:

ஃபைண்ட் அந்தப்பாதை -டைப் எஃப் -நேம் 'செஸ்_*' -எம்டைம் +7

முதலில் இப்படியே, ஹெட்டுக்குப் பைப் போட்டு ஓட்டுங்கள். வரும் பெயர்களைக் கண்ணால் பாருங்கள். சரியாக இருந்தால் மேல் அம்பை அழுத்தி, பைப்பை எடுத்துவிட்டு, கடைசியில் -டெலீட் சேருங்கள். கடைசியில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஃபைண்ட் தன் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகப் பார்க்கும். -டெலீட்டை முன்னால் போட்டால், பெயரும் நாளும் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். பாதையையும் சேர்த்து.

+7 என்பது ஏழு நாளுக்கு மேல் என்று தோன்றும். ஃபைண்ட் வயதை முழு நாளாக, மிச்ச மணிகளைத் தள்ளிவிட்டுக் கணக்கிடுகிறது. அதனால் எட்டு நாள் முழுதாக ஆனவை மட்டுமே சிக்கும். செஷனுக்கு இது பெரிய விஷயமில்லை. பேக்கப் அழிக்கும் ஸ்கிரிப்டில் ஒரு நாள் பேக்கப் கூடுதலாக நின்று டிஸ்க் நிறைவதை நிறையப் பார்த்தாயிற்று.

கம்பிவேலி:

நான் ரீபூட் சொன்னதுக்கு இப்படி ஒரு பாடமா! சரி, ஒரு கேள்வி. டியூவும் டிஎஃப்பும் ஒத்துப்போகல, எல்எஸ்ஓஎஃப்லயும் ஒன்னும் இல்ல, ஐநோடும் இருக்கு. அப்போ?

பழைய டெர்மினல்:

நல்ல கேள்வி. அப்போது மவுன்ட்டுக்கு அடியில் தேடுங்கள். பேக்கப் ஸ்கிரிப்ட் தினமும் /பேக்கப் டைரக்டரியில் எழுதுகிறது, அங்கே ஒரு தனி டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கும் என்பது ஏற்பாடு. ஒரு நாள் அந்த டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை. ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்காமல் ரூட் பார்ட்டிஷனிலேயே எழுதித் தள்ளியது. மறுநாள் யாரோ டிஸ்க்கை மவுன்ட் செய்ததும் முன்பு எழுதியது அடியில் மறைந்துபோயிற்று. டியூவால் அதைப் பார்க்க முடியாது. ரூட்டை வேறொரு காலி டைரக்டரியில் மவுன்ட் --பைண்ட் செய்து, அதற்குள் டியூ ஓட்டினால் மறைந்தது வெளியே வரும். வேலை முடிந்ததும் அன்மவுன்ட். பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வரியில் மவுன்ட்பாயின்ட் -க்யூ /பேக்கப் என்று போட்டு, இல்லாவிட்டால் வெளியேறு என்று எழுதி வைத்தால் இந்த வியாதியே வராது.

இராக்காவல் முதலில் தினசரிக் கட்டளைகள் கேட்டிருந்தார், மறந்துவிடவில்லை. இணையத்தில் ஐம்பது, நூறு என்று பட்டியல் நிறையக் கிடைக்கும், அதையெல்லாம் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. என் விரல் தானாகப் போகும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

லாக் பார்க்க எல்லாரும் டெயில் -எஃப் போடுவார்கள். நான் லெஸ் +எஃப் (பெரிய எஃப்). ஓடிக்கொண்டே இருக்கும், கண்ட்ரோல்-சி அடித்தால் நின்று சாதாரண லெஸ் ஆகிவிடும், சாய்கோடு போட்டுத் தேடலாம், மேலே போய்ப் படிக்கலாம், பெரிய எஃப் அடித்தால் மறுபடி ஓடும். டெயிலில் ஒரு பிழை கண்முன் ஓடிப் போனால் துரத்த முடியாது.

முந்தைய கட்டளையின் கடைசிச் சொல் மறுபடி வேண்டுமென்றால் எஸ்கேப், பிறகு புள்ளி. நீளமான பாதையில் எல்எஸ் போட்டுப் பார்த்துவிட்டு அதே பாதையை ட்ரன்கேட்டுக்குக் கொடுக்கும்போது தட்டச்சுப் பிழைக்கே இடமில்லை. இன்றைக்கு நீங்கள் செய்த மாதிரியான வேலைக்கு அதுதான் சரி.

தொலைவில் இருக்கும் சர்வரில் ஃபயர்வாலையோ நெட்வொர்க் அமைப்பையோ மாற்றும்முன், ஷட்டவுன் -ஆர் +10 கொடுத்துவிட்டு மாற்றுங்கள், மாற்றத்தை நிரந்தரமாகச் சேமிக்காமல். இணைப்பு அறுந்துபோனால் பத்து நிமிடத்தில் மெஷின் தானாக ரீபூட் ஆகிப் பழைய அமைப்போடு எழும். எல்லாம் சரி என்றால் ஷட்டவுன் -சி, ரத்து. டேட்டா சென்டருக்கு ராத்திரி வண்டி பிடிக்க வேண்டியதில்லை. (பாருங்கள் கம்பிவேலி, நானும் ரீபூட்டுக்கு எதிரி இல்லை.)

கிரான்டாபில் (குறித்த நேரத்தில் ஓட வேண்டிய கட்டளைகளின் பட்டியல்) சதவீதக் குறி போட்டால் அதை வரி முறிவாக எடுத்துக்கொள்ளும். டேட் கட்டளைக்குச் சதவீதக் குறி கொடுத்து பேக்கப் ஃபைலுக்குத் தேதி வைக்கிறீர்கள் என்றால் ஒவ்வொன்றின் முன்னும் பின்சாய்கோடு வேண்டும். கையால் ஓட்டினால் ஓடும், கிரானில் ஓடாது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டியிருப்பார்கள். மீதிப் பாதி பாத் மாறியில் (கட்டளையை எந்த டைரக்டரிகளில் தேடுவது என்ற பட்டியல்). கிரானுக்கு உங்கள் பாஷ் அமைப்புகள் எதுவும் தெரியாது, முழுப் பாதையும் கொடுங்கள்.

இராக்காவல்:

இரவு வேலை முடிந்தது. ஊகம் சரி, அக்கா: லாக் லெவல் டீபக்கில்தான் இருந்தது. மென்பொருள் கொடுத்தவர்கள் ஏதோ சோதனைக்காக மாற்றிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பில்லுக்கும் முழு எஸ்க்யூஎல்லும் எழுதியிருக்கிறது. இன்ஃபோவுக்கு மாற்றிவிட்டேன். ஸ்டார்ட் ஸ்கிரிப்டில் ஒற்றை > தான் இருந்தது, அதையும் >> ஆக்கி ரீஸ்டார்ட் செய்தாயிற்று. எல்எஸ்ஓஎஃப் +எல்1 இப்போது சுத்தம். சிஸ்டம்டி சர்வீஸ் வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

லாக்ரொடேட்டில் டெய்லியை எடுத்துவிட்டு சைஸ் 500எம் என்று போட்டேன். 500 எம்பி தாண்டினதும் உடனே சுழற்றிவிடும் அல்லவா?

தென்றல்77:

எனக்கு ஐயூஸ் 100% தான் அக்கா. நிரலில் செஷன் பாதையை மாற்றியிருந்தார்கள். ஃபைண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது 71%.

இராக்காவல், உடனே சுழற்றாது. லாக்ரொடேட் எப்போதும் விழித்திருக்கும் ஆள் இல்லை. உபுண்டுவில் டைமர் அதை ஒரு நாளைக்கு ஒருமுறை எழுப்பும். அப்போதுதான் அளவைப் பார்க்கும். நடுவில் 10 ஜிபி ஆனாலும் தெரியாது.

பழைய டெர்மினல்:

தென்றல் சொல்வது சரி. டெய்லியை மறுபடி போட்டு, சைஸுக்குப் பதில் மேக்ஸ்சைஸ் 500எம் என்று வையுங்கள். தினமும் ஒருமுறை சுழலும், நடுவில் அளவு தாண்டினாலும் சுழலும். பிறகு சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் லாக்ரொடேட்.டைமர் கொடுத்து, டைமர் பிரிவில் ஆன்காலண்டர் என்பதை முதலில் வெறுமையாக ஒரு வரி, அடுத்த வரியில் ஹவர்லி என்று எழுதுங்கள். வெறுமை வரியை விட்டால் பழைய தினசரி நேரமும் கூடவே நிற்கும். அதே டைமர் ஃபைலில் ஆக்யூரசிசெக் 12 மணி நேரம் என்று இருந்தால் அதையும் ஒரு நிமிடமாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் சிஸ்டம்டி தன் வசதிக்குத் தள்ளிப் போட்டுவிடும். முடித்ததும் சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் போட்டு அடுத்த நேரம் என்ன என்று இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.